மெழுகுவர்த்தியைக் கீழே வைத்தவர்: துன்பியல் மேடையின் நடிகைகள்

1785 பிப்ரவரி 2. லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் அன்றிரவு ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்'. லேடி மக்பெத்தாக ஸாரா சிடன்ஸ்; லண்டனில் அந்த வேடத்தை அவர் ஏற்பது அதுதான் முதல் தடவை. அவர் ஒப்பனை அறையில் தயாராகிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. வெளியே நின்றவர் அரங்கின் மேலாளர் ஷெரிடன். அவரே பேர்பெற்ற நாடக ஆசிரியர். இப்போது யாரையும் பார்க்க முடியாது என்று சொல்லியும் அவர் நகர்வதாக இல்லை. உள்ளே வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: தூக்கத்தில் நடக்கும் காட்சியில் கையிலிருக்கும் மெழுகுவர்த்தியைக் கீழே வைக்கப்போகிறீர்களாமே, நிஜமா?

அதற்கு முந்தைய தலைமுறையில் இந்த வேடத்தில் கொடிகட்டிப் பறந்தவர் ஹன்னா பிரிட்சர்ட். அவர் காட்சி முழுக்க மெழுகுவர்த்தியைப் பிடித்தபடியே நடிப்பார். ரசிகர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. அதை மாற்றினால் திமிர் என்று பேசுவார்கள் என்பது ஷெரிடனின் பயம். சிடன்ஸ் மசியவில்லை. மன்னனின் கொலைக்குத் துணைபோன பிறகு, இல்லாத ரத்தக்கறையைக் கழுவிக் கழுவித் தவிக்கிற பெண் லேடி மக்பெத். ஒரு கையில் விளக்கை வைத்துக்கொண்டு எப்படிக் கை கழுவுவாள்? தவிர, கடைசி நேரத்தில் மாற்றிக்கொள்ளவும் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மேடையில் மெழுகுவர்த்தியைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்தார். நாடகம் முடிந்ததும் ஷெரிடனே வந்து அவருடைய பிடிவாதத்தைப் பாராட்டினார்.

இந்தச் சம்பவத்தைச் சிடன்ஸே எழுதிவைத்திருக்கிறார். துன்பியல் வேடங்களில் பேர்வாங்கிய நடிகைகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, இதே மாதிரியான ஒரு கணம் பலருடைய வாழ்க்கையிலும் வருவதைப் பார்க்கிறேன். அழுகையைக் கூட்டியதால் இவர்கள் பெரியவர்கள் ஆகவில்லை. தனக்கு முன் எல்லோரும் செய்துவந்த ஏதோ ஒன்றை ஒவ்வொருவரும் கைவிட்டார்கள். ஒருவர் ராகம் போட்டு வசனம் பேசுவதை விட்டார், ஒருவர் அகலப் பாவாடையை விட்டார், ஒருவர் ஒப்பனையை விட்டார், கடைசியில் ஒருவர் குரலையே விட்டார். ஐரோப்பிய மேடையில் சோகம் வளர்ந்த பாதையை இந்த விடுதல்களின் வழியாகத்தான் எனக்குப் புரிந்துகொள்ள முடிகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வேடங்களில் மிகப் பழையவை எதுவும் பெண்கள் நடிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. மெடியா, எலெக்ட்ரா, ஹெகுபா, ஆன்டிகனி என்று கிரேக்கத் துன்பியலின் மாபெரும் பெண் பாத்திரங்களை எல்லாம் முகமூடி அணிந்த ஆண்கள்தான் நடித்தார்கள். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் லேடி மக்பெத்தும் டெஸ்டிமோனாவும் பையன்கள். 1660 டிசம்பரில்தான் தொழில்முறை ஆங்கில மேடையில் ஒரு பெண் முதன்முதலாக டெஸ்டிமோனாவாக ஏறினார். அந்தப் பெண் யார் என்பதில் இன்றும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. இத்தாலியிலும் பிரான்சிலும் பெண்கள் முன்பே மேடையேறிவிட்டார்கள். 1677இல் நாடக ஆசிரியர் ரஸீனின் 'ஃபேத்ர்' பாரிஸில் அரங்கேறியபோது தலைமை வேடத்தில் மரி ஷாம்மெலே நடித்தார். மகன் முறையாகும் இளைஞன்மேல் காதல் கொண்டு அந்தக் குற்ற உணர்விலேயே கருகிச் சாகிற ராணியின் வேடம் அது. அன்றிலிருந்து பிரெஞ்சு நடிகைக்கு 'ஃபேத்ர்'தான் உரைகல். அதில் தேறாமல் ஒருத்தி துன்பியல் நடிகை என்று பேர் வாங்க முடியாது.

மேடை கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. அட்ரியன் லெகூவ்ரரின் கதை இதில் மறக்கக் கூடாத ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸின் அரசு நாடக அரங்கான கொமேதி ஃபிரான்சேஸில் அவர்தான் முதன்மை நடிகை. அப்போது துன்பியல் வசனத்தை ஏறக்குறைய பாடுவதுபோல் இழுத்து இழுத்துச் சொல்வார்கள். லெகூவ்ரர் அந்த ராகத்தைக் குறைத்துக்கொண்டு, ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பேசுவதற்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார். ஊரே அவரைக் கொண்டாடியது. 1730 மார்ச் 20ஆம் தேதி, 37 வயதில் இறந்தார்.

அன்றைய பிரெஞ்சுத் திருச்சபையின் கணக்கில் நடிப்பு பாவத் தொழில். சாகும் முன் அந்தத் தொழிலைத் துறப்பதாக உறுதி சொன்னால்தான் கிறித்துவ அடக்கம் உண்டு. லெகூவ்ரர் சொல்லவில்லை. பங்குக் குரு அடக்கத்துக்கு மறுத்துவிட, இரவோடு இரவாக உடலை எடுத்துப்போய் ஸேன் ஆற்றங்கரையில், கல்லறை என்று அடையாளமே இல்லாத ஓர் இடத்தில் புதைத்தார்கள். அவருடைய நண்பரான எழுத்தாளர் வோல்டேர் கொதித்துப்போய்க் கவிதை எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் ஆன் ஓல்ட்ஃபீல்ட் என்ற நடிகை இறந்தார். அவரை அடக்கம் செய்தது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில். மன்னர்களும் நியூட்டனும் உறங்குகிற அதே ஆலயம். இங்கிலாந்தைப் பற்றி எழுதும்போது வோல்டேர் இந்த இரண்டு சாவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மேடையில் அவள் செத்தால் கண்ணீர் விடுகிற கூட்டம், நிஜத்தில் செத்தபோது ஆறடி மண் தராமல் போனது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

லெகூவ்ரருக்கு அடுத்த தலைமுறையில் இரண்டு பெண்கள் வந்தார்கள்: கிளேரோன், டுமேனில். ஒரே அரங்கு, ஒரே ராணி வேடங்கள், நேர் எதிர் வழிகள். நடிகர் உணர்ந்து நடிக்க வேண்டுமா, யோசித்து நடிக்க வேண்டுமா என்ற விவாதம் இன்றுவரை நடிப்புப் பள்ளிகளில் ஓய்ந்தபாடில்லை. அதை எழுத்தில் கூர்மையாக்கியவர் தத்துவவாதி தீதரோ. அவர் கையில் எடுத்துக்கொண்ட உதாரணங்கள் இந்த இருவரும்தான்.

டுமேனில் என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமலே மேடையேறுவார் என்கிறார் தீதரோ. பாதி நேரம் தான் என்ன சொல்கிறோம் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் நடுவில் மின்னல்போல் ஒரு கணம் வரும், அரங்கு ஆடிப்போகும். ரஸீனுக்கு மூத்த நாடக ஆசிரியரான கோர்னெயின் ஒரு நாடகத்தில் அவர் ராணியாக நின்று சாபமிட்டபோது மேடையோரம் உட்கார்ந்திருந்த ஒரு முதிய படைவீரர் பொறுக்கமாட்டாமல் அவர் முதுகில் குத்திவிட்டார் என்றும், வாழ்நாளில் கிடைத்த சிறந்த பாராட்டு அதுதான் என்று அவர் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் பணக்கார ரசிகர்கள் மேடைமேலேயே நாற்காலி போட்டு உட்காரலாம் என்பதால் நடக்கக்கூடியதுதான்.

கிளேரோன் வேறு ரகம். வேடத்தை முதலில் மனதுக்குள் ஒரு முழு உருவமாகச் செதுக்கிக்கொள்வார். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்தபடி, அசையாமல், மேடையில் தான் எப்படி இருப்போம் என்பதை உள்ளுக்குள்ளேயே பார்க்கவும் கேட்கவும் தீர்ப்பு சொல்லவும் அவரால் முடியும் என்று தீதரோ வியக்கிறார். ஆறாவது நாளுக்குள் வசனத்தைப் போலவே நடிப்பின் ஒவ்வொரு நுணுக்கமும் அவருக்கு மனப்பாடம் ஆகிவிடும். தீதரோவின் ஓட்டு கிளேரோனுக்குத்தான். அவருடைய வாதம் இது: நடிகை நிஜமாகவே உடைந்து அழுதால் குரல் அடைக்கும், வசனம் தடுமாறும், நாளைக்கு அதே அழுகை வராது. பார்க்கிறவர் அழ வேண்டுமானால் நடிக்கிறவர் தெளிவாக இருக்க வேண்டும்.

கிளேரோன் விட்டது இரண்டு பொருள்களை. லெகூவ்ரருக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டிருந்த முழக்க வசனம் ஒன்று. மற்றது உடை. கிரேக்க ராணியானாலும் சீனத்துப் பெண்ணானாலும் பாரிஸ் மேடையில் பிரபுக்களின் நாகரிகப்படி இரண்டு பக்கமும் சட்டம் வைத்து விரித்த பாவாடையில்தான் வருவார்கள். கதவுக்குள் பக்கவாட்டாகத்தான் நுழைய முடியும். குனிய முடியாது, விழ முடியாது. துக்கத்தில் ஒருத்தி தரையில் சரிய வேண்டும் என்றால் பாவாடை விடாது! 1755இல் சீனக் கதை ஒன்றைத் தழுவி வோல்டேர் எழுதிய நாடகத்தில் கிளேரோன் அந்தச் சட்டத்தைக் கழற்றிவிட்டு வந்தார். பெரும் செலவில் தைத்து வைத்திருந்த பழைய உடைகள் எல்லாம் அதோடு வீண். உடம்புக்கு விடுதலை கிடைத்த பிறகுதான் பிற்கால நடிகைகளின் சரிவும் மண்டியிடலும் சாத்தியமாயின. உடையைப் பற்றிய செய்தி என்று இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

இப்போது சிடன்ஸிடம் திரும்பலாம். அவருடைய ஏற்றம் சட்டென்று வந்ததில்லை. ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் கெம்பிள் குடும்பத்தில், 1755இல் வேல்ஸின் பிரெக்கன் என்ற சிற்றூரில் ஒரு விடுதியில் பிறந்தவர். இருபது வயதில், கைக்குழந்தையோடு, அன்றைய லண்டன் மேடையின் சக்கரவர்த்தி கேரிக்கின் அழைப்பில் ட்ரூரி லேனுக்கு வந்தார். எடுபடவில்லை. பருவம் முடிந்ததும் வேலை போயிற்று. அப்புறம் ஆறு வருடம் வெளியூர் அரங்குகள்; அதில் பாத் நகரத்தில்தான் கை தேர்ந்தது. 1782இல் லண்டன் மறுபடி கூப்பிட்டபோது பாத் ரசிகர்களிடம் விடைபெற மேடைக்கு வந்தார். உங்களை விட்டுப்போக எனக்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன என்று சொல்லித் தன் மூன்று குழந்தைகளையும் மேடைக்கு அழைத்துக் காட்டினார். கூடுதல் சம்பளம் வேண்டும் என்பதை ஒரு பெண் பொதுவில் வெட்கப்படாமல் சொன்ன விதம் அது. அப்போது அவர் அடுத்த குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார்.

1782 அக்டோபர் 10 அன்று 'இஸபெல்லா' என்ற நாடகத்தில் அவர் திரும்பி வந்தார். கணவன் இறந்துவிட்டான் என்று நம்பி, பிள்ளையைக் காப்பாற்ற மறுமணம் செய்துகொள்ளும் விதவை. பிறகு முதல் கணவன் உயிரோடு வந்து நிற்கிறான். மேடையில் அவருடைய பிள்ளையாக நடித்தது சொந்த மகன் ஹென்றி. எட்டு வயது. ஒத்திகையில் அம்மா சாகிற காட்சி வந்ததும், அது நடிப்பு என்பதே மறந்து பையன் கதறிவிட்டான். லண்டன் ரசிகர்களும் ஏறக்குறைய அதையேதான் செய்தார்கள். அரங்கில் பெண்கள் மயங்கி விழுந்தார்கள், ஆண்கள் கூச்சமில்லாமல் அழுதார்கள். நாடகம் நடக்கும்போது அந்தக் கால அரங்குகளில் பார்வையாளர் பகுதியிலும் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர் அழுவது உங்களுக்குத் தெரியும், நீங்கள் அழுவது அவருக்குத் தெரியும். இன்றைய இருட்டு அரங்கில் அழுகை தனி ஆள் விவகாரம். அன்று அது கூட்டத்தோடு பரவியது. சிடன்ஸ் தூண்டிய பித்தைப் புரிந்துகொள்ள இந்த வெளிச்சத்தையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அவருடைய வேலை முறையும் தீதரோவின் இரண்டு பெட்டிகளுக்குள் அடங்காது. ஒரு பக்கம் படிப்பு, அலசல், திட்டம். லேடி மக்பெத்தின் குணத்தைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பே எழுதினார். இன்னொரு பக்கம், ஷேக்ஸ்பியரின் 'கிங் ஜான்' நாடகத்தில் மகனைப் பறிகொடுக்கும் கான்ஸ்டன்ஸாக நடித்த இரவுகளில், தன் காட்சி இல்லாத நேரத்திலும் ஒப்பனை அறைக் கதவைத் திறந்தே வைத்திருப்பார். மேடையில் எதிரிகள் கைகோக்கும் காட்சியின் அணிவகுப்பு இசை காதில் விழ வேண்டும், தனக்கு நடக்கும் துரோகம் நெஞ்சில் ஏற வேண்டும் என்பதற்காக. மகனாக நடிக்கும் சிறுவனின் கையையும் விடமாட்டார். யோசித்துக் கட்டிய வேடத்துக்குள் தினமும் புதிதாக ரத்தம் பாய்ச்சிக்கொண்டார் என்று சொல்லலாம். என் கணிப்பில் தீதரோவின் கேள்விக்குச் சரியான பதில் அந்தத் திறந்த கதவுதான்.

சிடன்ஸுக்கு ஏழு குழந்தைகள். அவர்களில் ஐந்து பேரை அவர் தன் வாழ்நாளிலேயே இழந்தார். இதை வைத்து, சொந்தத் துக்கத்தைத்தான் மேடையில் கொட்டினார் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. அவர் புகழின் உச்சிக்குப் போனது அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை நடப்பதற்கு முன்பே. ஒரு பெண்ணின் கலையைப் பற்றிப் பேச வரும்போதெல்லாம் அவள் வீட்டுக் கண்ணீரைத் தேடிப்போவது அவளுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்வதாகும்.

1784இல் ஓவியர் ரெனால்ட்ஸ் அவரைத் துன்பியலின் தேவதையாகவே அரியணையில் வைத்துத் தீட்டினார். 1794இல் புதிதாகக் கட்டிய ட்ரூரி லேன் அரங்கு சுமார் 3,600 பேர் கொள்ளும். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசைக்குக் கண் இமை அசைவது தெரியாது, கை தூக்குவது மட்டும்தான் தெரியும். சிடன்ஸின் பிற்கால நடிப்பு சிலைபோல் விரிந்து, மெதுவாகி, கம்பீரமாக ஆனதற்கு வயது மட்டும் காரணமில்லை, கட்டடமும் காரணம். 1812 ஜூன் 29 அன்று கடைசியாக லேடி மக்பெத்தாக வந்தார். தூக்கத்தில் நடக்கும் காட்சி முடிந்ததும் ரசிகர்கள் நாடகத்தை அதற்கு மேல் நடக்க விடவில்லை. அவர் இல்லாத மிச்சக் கதை அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

பாரிஸில் அடுத்த அலை ரஷேல். 1821இல் சுவிட்சர்லாந்தின் மும்ஃப் கிராமத்தில், ஊர் சுற்றி வியாபாரம் செய்யும் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாகத் தெருவில் பாடிக் காசு வாங்கியவர். 1838 ஜூனில், 17 வயதில், கோர்னெயின் 'ஒராஸ்' நாடகத்தில் கமீயாக கொமேதி ஃபிரான்சேஸில் அறிமுகமானார். கோடை, காலி நாற்காலிகள். செப்டம்பரில் விமர்சகர் ழூல் ழனேன் எழுதிய பாராட்டுக்குப் பிறகு டிக்கெட் கிடைப்பது கஷ்டமாயிற்று. அவர் வந்த நேரம் முக்கியம். 1830இல் பழைய நாடக விதிகளை உடைத்த விக்டர் ஹ்யூகோவின் 'எர்னானி' ஏற்படுத்திய அமளிக்குப் பிறகு பழைய செவ்வியல் துன்பியல் செத்தே போயிற்று என்று எல்லோரும் கைகழுவியிருந்தார்கள். மேடை முழுக்கக் கூச்சல், விஷம், வாள். இந்த ஒல்லிப் பெண் அசையாமல் நின்றாள். அடங்கிய குரலில் ஆரம்பித்தாள். ரஸீனின் வரிகளை அலங்காரமில்லாமல் சொன்னாள். பழைய நாடகங்கள் அவளால் இன்னொரு ஆயுள் பெற்றன. 1851இல் லண்டனில் அவர் நடிப்பைப் பார்த்த ஆங்கில நாவலாசிரியை சார்லட் பிரான்ட்டி மிரண்டுபோய், தன் அடுத்த நாவலில் அவரை வாஷ்டி என்ற நடிகையாக வார்த்தார். 1849இல் லெகூவ்ரரின் கதையை நாடகமாக எழுதியதும் ரஷேலுக்காகத்தான். ஆற்றங்கரையில் அடையாளமின்றிப் புதைக்கப்பட்டவர் அவருடைய சொந்த அரங்கிலேயே இன்னொரு நடிகையின் உருவில் ஏறினார். 1855இல் அமெரிக்கப் பயணத்தில் ரஷேலின் உடல்நிலை முற்றாகச் சரிந்தது. காசநோயில் 1858இல் இறந்தபோது 36 வயது. அவர் நடிக்க மறுத்த ஒரு 'மெடியா'வை இத்தாலிய நடிகை அடிலெய்ட் ரிஸ்டோரி எடுத்துக்கொண்டு பாரிஸிலேயே வெற்றி பெற்றதும், பிறகு உலகமெல்லாம் சுற்றியதும் தனிக் கதை.

சரி, எல்லோருமே எதையாவது விட்டவர்கள்தானா? இல்லை. பிரெஞ்சு நடிகை ஸாரா பெர்னார் சேர்த்தவர். குரல், உடை, பூ, விளம்பரம், சவப்பெட்டிக்குள் படுத்து எடுத்த புகைப்படம் என்று எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போனவர். 1874இல் 'ஃபேத்ர்' நடித்துத் தன்னை நிலைநாட்டினார். 1880இல் அரசு அரங்கை உதறிவிட்டுத் தன் சொந்தக் குழுவோடு அமெரிக்கா போனார். 1899இல் ஹாம்லெட்டாகவே நடித்தார். 1915இல் 70 வயதில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் நாற்காலியில் தூக்கிச் செல்லப்பட்டுப் போர்முனை வீரர்களுக்கு நடித்துக் காட்டினார். அந்த மனத்திடத்தைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனாலும், துயரத்தின் கலையில் அவரைவிட ஒரு படி மேலே நான் வைப்பது இத்தாலிய நடிகை எலியனோரா டூஸேயைத்தான்.

இருவரையும் ஒப்பிட வரலாறே ஒரு வாய்ப்பைக் கொடுத்தது. 1895 ஜூன், லண்டன். ஜெர்மன் நாடக ஆசிரியர் ஸூடர்மனின் 'மக்தா' நாடகத்தைப் பெர்னார் ஓர் அரங்கில் பிரெஞ்சிலும், சில நாள் இடைவெளியில் டூஸே இன்னோர் அரங்கில் இத்தாலிய மொழியிலும் நடித்தார்கள். இரண்டையும் பார்த்து எழுதியவர் பெர்னார்ட் ஷா. அப்போது அவர் வாரப் பத்திரிகை விமர்சகர். பெர்னாரின் ஒப்பனையை அவர் ரசித்து விவரிக்கிறார். அது அழகு, ஆனால் பார்ப்பது எப்போதும் பெர்னாரைத்தான், பாத்திரத்தை அல்ல என்பது அவர் குறை. டூஸேயின் முகத்தில் ஒப்பனை அநேகமாக இல்லை. சுருக்கங்கள் அப்படியே தெரிந்தன.

கதையில் ஒரு காட்சி. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டுப் பாடகியாகப் பேர்பெற்றுத் திரும்பியிருக்கும் மக்தா, பல வருடத்துக்கு முன் தன்னைக் கைவிட்டுப்போன, தன் குழந்தைக்குத் தகப்பனான ஆளை எதிர்பாராமல் சந்திக்கிறாள். டூஸே அந்தச் சந்திப்பை நிதானமாகச் சமாளித்தார். மலர்களை வாங்கினார், உட்கார்ந்தார். இனிப் பிரச்சினை இல்லை என்ற நிம்மதியில் அவனை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். அங்கேதான் முகம் சிவக்க ஆரம்பித்தது. அதை மறைக்க மெல்ல முகத்தைத் திருப்பினார், சிவப்பு இன்னும் ஏறியது, கடைசியில் வேறு வழியில்லாமல் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அரங்கிலிருந்த எல்லோரும் ரத்தம் ஏறுவதைப் பார்த்தார்கள். இது தினமும் தானாக வருமா என்று தொழில்முறை ஆவலோடு கேட்டுவிட்டு ஷா விட்டுவிடுகிறார். சுண்ணமும் சாயமும் பூசிய முகத்தில் அந்தச் சிவப்பு தெரிந்திருக்க வழியே இல்லை. ஒப்பனையை விட்டதால் கிடைத்த வசதி அது.

டூஸேயும் நாடோடி நாடகக் குடும்பத்துப் பிள்ளை. 1858இல் பிறந்து, நான்கு வயதில் மேடையேறி, 14 வயதில் வெரோனாவில் ஜூலியட்டாக நடித்தவர். 1891இல் ரஷ்யாவில் அவருடைய கிளியோபாட்ராவைப் பார்த்த எழுத்தாளர் செக்காவ், தனக்கு இத்தாலி மொழி தெரியாது என்றாலும் ஒவ்வொரு சொல்லும் புரிவதுபோல் இருந்தது என்று தங்கைக்கு எழுதினார். 1909இல் மேடையை விட்டு ஒதுங்கி, பணமுடையில் 1921இல் திரும்பியபோது தலை முழுக்க வெள்ளை. விக் வைக்கவில்லை, சாயம் பூசவில்லை. நார்வே நாடக ஆசிரியர் இப்ஸனின் 'கடலிலிருந்து வந்த சீமாட்டி'யாக அந்த வெள்ளைத் தலையோடே வந்தார். 1923 ஜூலையில் 'டைம்' இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். அடுத்த ஏப்ரலில், அமெரிக்கப் பயணத்தின் நடுவே, பிட்ஸ்பர்க்கில் உயிர் பிரிந்தது.

கிரேக்கத் துன்பியல் தன் சொந்த மண்ணில், எபிடாரஸ் என்ற ஊரின் பழங்காலக் கல் அரங்கில், பெண்களின் குரலில் ஒலிக்க 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அங்கே நவீன காலத்தின் முதல் நாடகமாக ஸோஃபக்ளீஸின் 'எலெக்ட்ரா' நடந்தது. மேடையில் கத்தினா பாக்ஸினு, எலெனி பாபடாகி. பாக்ஸினு பிறகு ஹாலிவுட் போய் ஆஸ்கர் வாங்கினார். பாபடாகி நாட்டிலேயே தங்கினார். 1944 டிசம்பரில் ஏதென்ஸ் தெருக்களில் உள்நாட்டுச் சண்டை வெடித்தபோது, ஆக்கிரமிப்பாளரோடு ஒத்துப்போனவர் என்று குற்றம் சாட்டி இடதுசாரி ஆயுதக் குழுவினர் அவரைப் பிடித்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள்.

கடைசியாகச் சொல்ல வேண்டியவர் ஹெலீன வைகல். 1933இல் ஹிட்லர் வந்ததும் நாடக ஆசிரியரான கணவர் பிரெக்ட்டோடு ஜெர்மனியை விட்டு ஓடி, பதினைந்து வருடம் கிட்டத்தட்ட மேடையே இல்லாமல் வாழ்ந்தவர். பிரெக்ட் 'துணிச்சல்காரத் தாய்' நாடகத்தை எழுதியபோது அதிலுள்ள மகளை ஊமையாக வைத்தது, மொழி தெரியாத நாட்டிலும் வைகல் நடிக்க ஒரு வேடம் வேண்டும் என்பதற்காக என்பார்கள். நாடகம் 1949 ஜனவரி 11 அன்று, குண்டுவீச்சில் இடிந்துகிடந்த பெர்லினில் நடந்தபோது அவர் ஏற்றது தாயின் வேடம். போரில் வண்டி தள்ளி வியாபாரம் செய்யும் தாய். பிடிபட்ட மகனை மீட்க லஞ்சம் பேசுகிறாள், விலையில் கூடுதலாகப் பேரம் பேசிவிடுகிறாள். தொலைவில் துப்பாக்கிகள் வெடிக்கின்றன. மகன் போய்விட்டான்.

வைகல் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். தலை பின்னால் சாய்ந்தது. வாய் முழுக்கத் திறந்தது. சத்தம் வரவில்லை. சிங்கப்பூர் மீது குண்டு விழுந்தபோது இறந்துபோன மகனின் உடலருகே குந்தியிருந்த ஓர் இந்தியப் பெண்ணின் பத்திரிகைப் படத்திலிருந்து அந்த முகம் வந்தது என்று பிரெக்ட் குறித்துவைத்திருக்கிறார். பார்வையாளர் உருகிப்போகாமல் யோசிக்க வேண்டும், இந்தத் தாயும் போரில் லாபம் பார்த்தவள்தானே என்று கேட்க வேண்டும் என்பது பிரெக்ட்டின் கொள்கை. ஆனால் பெர்லின்காரர்கள் அழுதார்கள். அதைத் தடுக்கும் விதமாகப் பிரெக்ட் முன்பே சில காட்சிகளை மாற்றி எழுதியிருந்தார், ஆனாலும் அழுகை நிற்கவில்லை. அந்தத் தாயின் குற்றமும் அவளுடைய வலியும் ஒரே திறந்த வாயில் இருந்தன. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

இந்த நடிகைகளுக்குத் துன்பியல் கொடுத்த இன்னொன்றும் உண்டு: வயது. காதல் நாயகி வேடம் முப்பதில் கைவிட்டுப் போய்விடும். மெடியா, ஃபேத்ர், ஹெகுபா, லேடி மக்பெத் ஆகியவை ஐம்பதிலும் காத்திருக்கும். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜூடித் ஆண்டர்ஸன் 1947இல் நியூயார்க்கில் மெடியாவாக நடித்தபோது அவருக்கு 50 வயது. கவிஞர் ராபின்ஸன் ஜெஃபர்ஸ், கிரேக்க நாடக ஆசிரியர் யூரிபிடீஸைத் தழுவி அவருக்காகவே எழுதிய வடிவம் அது. அந்த நடிப்புக்கு, அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி கிடைத்தது. 1982இல் அதே வடிவம் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேக்குத் திரும்ப வந்தபோது ஸோ கால்ட்வெல் மெடியாவாக நடித்து டோனி வாங்கினார். 1994இல் டயானா ரிக்குக்கும் மெடியாவே டோனி வாங்கிக் கொடுத்தாள். 1982 மேடையில் ஆண்டர்ஸனும் இருந்தார், 85 வயதில், செவிலித் தாயாக. யூரிபிடீஸின் நாடகத்தைத் தொடங்கிவைப்பது செவிலிதான். உள்ளே ஒருத்தி எப்படித் துடித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை ரசிகர்களுக்கு முதலில் சொல்கிறவள் அவள். அந்த வேலையை அன்றிரவுகளில் செய்தவர், முப்பத்தைந்து வருடத்துக்கு முன் அதே வசனத்துக்காக உள்ளே காத்திருந்தவர்.